ஜாமெட்ரி பாக்ஸ்ல மாத்திரை எதுக்கு தங்கச்சி?

கேள்வி: அக்கா, எங்களுக்கு முக்கூடல் பக்கம். நான் பீடி சுத்துதேன், வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை பாக்காவ. மூத்தவ ஏழாவது படிக்கா. ஒரு வருஷமா வாரத்துல ரெண்டு நாளாவது நெத்தி வலிக்குங்கா, சில நேரம் வாந்தி. ரெண்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சா சரியாயிருது, அதனால எங்க அத்தை நடிப்புங்காவ. ஆனா ஒரு நாள் கூட லீவு போட்டதில்ல. ஜாமெட்ரி பாக்ஸ்லயே மாத்திரை வெச்சிருக்கா, வலிச்சா அவளே போட்டுக்கிடுவா, எங்களுக்கு தொந்தரவே குடுக்கமாட்டா. லீவே போடாத பிள்ளைக்கு பெருசா என்ன இருந்துறப் போகுது, தைலம் தேச்சா போதும்லா?

பதில்: போதாது தங்கச்சி. அத்தை சொன்னது, லீவு, தைலம் எல்லாம் அப்புறம் பேசுவோம், அந்த ஜாமெட்ரி பாக்ஸ போற போக்குல சொல்லிட்டுப் போயிட்ட பாரு, என்னால அதைத் தாண்டி வரமுடியல. காம்பஸுக்கும் கோணமானிக்கும் நடுவுல கத்திரிச்ச மாத்திரை அட்டை. என்ன மாத்திரை அது? எத்தனை மில்லிகிராம்? யாரு வாங்கிக் குடுக்கா, இல்ல கடையில அவளே கேட்டு வாங்குதாளா? போன மாசம் எத்தனை போட்டா? ஒண்ணுக்கும் பதில் எழுதல, உனக்குத் தெரியாதுன்னுதான் நெனைக்கேன். பீடிய கட்டு கட்டா எண்ணி கடையில போடுதவ நீ, அங்க நாலு பீடிய கழிச்சுப் போட்டா ராத்திரி வரைக்கும் மனசு ஆறாது. அந்தக் கைக்கு பிள்ளை வாய்க்குள்ள போன மாத்திரைய எண்ணணும்னு ஏன் தோணல? கோவமாத்தான் கேக்கேன்.

தொந்தரவே குடுக்கமாட்டான்னு பெருமையா வேற எழுதியிருக்க. பன்னெண்டு வயசுப் பிள்ளை தன் வலிய தானே சமாளிக்கணும்னு எப்படிக் கத்துக்கிட்டா? சொன்னா நடிப்புங்காவ, சொல்லாம இருந்தா நல்ல பிள்ளைங்காவ, அவ ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டா. பிள்ளைக நம்மட்ட தொந்தரவு குடுக்கணும் தங்கச்சி, அதுக்குத்தான் பெத்துருக்கோம்.

மாத்திரை விஷயத்த முதல்ல கேளு. சாதாரண வலி மாத்திரையவே மாசத்துல 15 நாளும் அதுக்கு மேலயும், மூணு மாசத்தத் தாண்டி போட்டுக்கிட்டே இருந்தா, அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்கும். ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரைன்னா 10 நாளே போதும். பெரியவங்க மாத்திரைய முழுசா முழுங்குதாளான்னு பாரு, பிள்ளைகளுக்கு எடை பாத்துத்தான் அளவு. அட்டையில ஆஸ்பிரின்னு போட்டிருந்தா இன்னைக்கே தூக்கிரு, டாக்டர் சொல்லாம பிள்ளைகளுக்கு அது ஆகாது.

இனி அந்த லீவு. லீவு போடலன்னா வலி பெருசில்லன்னு நீயா ஒரு அளவுகோல் வெச்சிருக்க, அது தப்பான கோல். பிள்ளைகளோட தலைவலி அவங்க நாளை எவ்வளவு தின்னுதுன்னு அளக்கதுக்குன்னே டாக்டர்மாருட்ட ஒரு கேள்வித்தாள் உண்டு, பெட்மைடாஸ்னு பேரு, அமெரிக்காவுல சின்சினாட்டி குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர்மார் உண்டாக்குனது, 2001-ல வெளியாச்சு. ஆறே கேள்வி, கடைசி மூணு மாசத்துக்கு. தலைவலியால முழு நாள் ஸ்கூல் போகாதது எத்தனை நாள், பாதியில வந்தது எத்தனை, ஸ்கூல்ல இருந்தும் பாதிகூட முடியாம உக்காந்திருந்தது எத்தனை, வீட்டு வேலையோ வீட்டுப்பாடமோ செய்யமுடியாதது எத்தனை, விளையாட்டு கோயில் கொடைன்னு வெளிய எதுக்கும் போகமுடியாதது எத்தனை, போயும் பாதிக்குக் கீழதான் முடிஞ்சது எத்தனை. முதல் ரெண்டுல எண்ணின நாளை மூணாவதுல எண்ணக்கூடாது, அஞ்சாவதுல எண்ணினத ஆறாவதுல எண்ணக்கூடாது. ஆறையும் கூட்டணும். 10 வரைக்கும்னா பாதிப்பு பெருசா இல்ல, 11 முதல் 30 லேசு, 31 முதல் 50 நடுத்தரம், 50-க்கு மேல போனா கடுமை.

உன் மகளுக்கு முதல் ரெண்டும் சைபர், அதைப் பாத்துத்தான் நீ நிம்மதியா இருக்க. ஆனா வாரத்துக்கு ரெண்டுன்னா மூணு மாசத்துல கிட்டத்தட்ட 25 தடவை. அதுல 20 நாள் கிளாஸ்ல போர்டைப் பாக்கமுடியாம டெஸ்க்குல தலைய கவுத்திருந்தான்னு வெச்சுக்க, 15 நாள் சாயங்காலம் நோட்டைத் தொடலன்னு வெச்சுக்க, 35 ஆச்சு, ஒரு லீவு கூட இல்லாமலே. இது நான் போட்ட கணக்கு, நெசக் கணக்கு அவட்டதான் இருக்கு. அவளையே கேட்டு எழுது, நீயா நிரப்பாத. ஆனி தேரோட்டத்துக்கு வந்தாளா, வரலன்னா ஏன்னு கேட்டதுக்கு என்ன சொன்னா, சாயங்காலம் தெருவுல பிள்ளைக விளையாடும்போது இவ எங்க இருந்தா, இதெல்லாம் அந்த அஞ்சாவது கேள்வி.

இந்த நம்பர் என்ன நோய்னு சொல்லாது, அத டாக்டர்தான் சொல்லணும். எவ்வளவு பறிபோகுதுன்னு காட்டும், வைத்தியம் ஆரம்பிச்சு மூணு மாசம் கழிச்சு திரும்ப எண்ணினா குறைஞ்சிருக்கான்னும் தெரியும்.

அத்தை நடிப்புன்னு சொல்லுதது எனக்குப் புதுசில்ல, எத்தனையோ வீட்டுக் கதை இது. ஒற்றைத் தலைவலின்னா ஒரு பக்கந்தான் வலிக்கணும்னு நெனைக்காவ, பிள்ளைகளுக்கு நெத்தி ரெண்டு பக்கமும் வலிக்கும், ரெண்டு மணி நேரத்துலயே முடிஞ்சிரும், தூங்கி எந்திரிச்சா துள்ளி ஓடும். துள்ளி ஓடுதத வெச்சு பொய்னு சொல்லிருதாவ. வீட்டுல யாருக்கு இப்படி வலி உண்டுன்னு அத்தைட்டயே கேளு, இது குடும்பத்துல வரக்கூடியது. காலையில வெறும் காப்பியோட பஸ் ஏறுதாளா, ஸ்கூல் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணியே குடிக்காம இருக்காளான்னும் பாரு. பொம்பளப் பிள்ளைக பல பேரு அப்படித்தான் இருக்குதுக.

ஆனா சில அறிகுறி இருந்தா நாளை எண்ணிக்கிட்டு இருக்காத. வலி தூக்கத்துல எழுப்புது, விடிஞ்சதும் வாந்தி, ரெண்டு ரெண்டா தெரியுது, நடை தள்ளாடுது, வலிப்பு, காய்ச்சலோட கழுத்து விறைக்கு, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி ஏறு.

அது இல்லன்னாலும் இந்த வாரம் பிள்ளைகள் டாக்டர்ட்ட போகணும். ஒரு நாள் பீடி சுத்தலன்னா பரவால்ல. போகும்போது எழுதின நோட்டு, அந்த மாத்திரை அட்டை ரெண்டும் கையில இருக்கட்டும். அப்பாவுக்கும் சொல்லு, அடுத்த தடவ போன் போடும்போது மார்க்க கேக்கதுக்கு முன்னால, இந்த வாரம் எத்தனை நாள் வலிச்சுதுட்டின்னு அவரு கேக்கணும்.