கொழுந்தனாருக்கு ஜாமீன் போட்டேன், என் தொழில் கடனுக்கு வட்டி ஏறுகிறது

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழில் நடத்துகிறேன். உத்யம் பதிவு உண்டு, குறுந்தொழில் பிரிவு. 2024 டிசம்பரில் ஒரு வங்கியில் இயந்திரம் வாங்க 30 லட்சம் ரூபாய் டேர்ம் லோனும், 15 லட்சத்துக்கு சிசி லிமிட்டும் (தேவைக்கேற்ப எடுத்துத் திருப்பிக் கட்டும் கேஷ் கிரெடிட் கடன்) கிடைத்தன. இயந்திரமும் சரக்கும்தான் பிணை, வீடு நிலம் எதையும் அடமானம் வைக்கவில்லை. இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

என் கொழுந்தனார் ஒரு நிதி நிறுவனத்தில் வேன் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. என் சிபில் ஸ்கோர் இறங்கிவிட்டது. சிசி ரினியூவலுக்குப் போனால், "உங்கள் ரிஸ்க் கூடிவிட்டது" என்கிறார்கள். டேர்ம் லோன் வட்டியை ஒன்றரை சதவீதம் ஏற்றியதாகப் போன வாரம் கடிதம் வந்தது. ஆனால் நான்கு மாதமாகவே கூடுதல் வட்டி பிடித்திருப்பது கணக்கைப் பார்த்ததும்தான் தெரிந்தது. அம்மாவின் வீட்டுப் பத்திரமும், கையெழுத்திட்ட மூன்று வெற்றுக் காசோலைகளும் வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே வருஷா வருஷம் "கியாரண்டி ஃபீ" என்றும் ஒரு தொகை கணக்கில் கழிகிறது. வேறு வங்கிக்குப் போனால் நிலுவையில் 4 சதவீதம் கட்டணமாம். நான் செய்யாத தவறுக்கு இதெல்லாம் நியாயமா?

பதில்: அம்மாவின் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். காசோலையும் கொடுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது: வருஷா வருஷம் கழிகிற கியாரண்டி ஃபீ. உங்கள் கடன் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் இருப்பதற்கான அடையாளமாகத்தான் அது தெரிகிறது. குறு, சிறு தொழில்களுக்குச் சொத்துப் பிணை இல்லாமல் வங்கிகள் கடன் கொடுக்க வேண்டும் என்பதற்காக மத்திய அரசும் சிட்பி எனும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2000-ல் அமைத்த அறக்கட்டளை அது. கடன் வராக்கடன் ஆனால், நிலுவையில் ஒரு பங்கை அறக்கட்டளை வங்கிக்குக் கொடுக்கும். அதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் வாங்கியவர் தலையில்தான் கட்டுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு இந்த உத்தரவாதம் கிடைக்கிறது.

இதில் உங்களுக்கு என்ன? இந்த உத்தரவாதத்தின் அடிப்படையே, அதன் பாதுகாப்பில் இருக்கும் கடன் பகுதிக்குக் கூடுதல் சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ வாங்கக் கூடாது என்பதுதான். கடன் பணத்தில் வாங்கிய இயந்திரம், சரக்கு ஆகியவற்றின் மீதான பிணை இருக்கலாம். உங்கள் சொந்தப் பொறுப்பும் இருக்கும். அம்மாவின் வீடு இந்த இரண்டிலும் சேராது. கடனின் ஒரு பகுதிக்குச் சொத்தும் மீதிக்கு உத்தரவாதமும் என்று கலந்து வைக்கிற முறையும் திட்டத்தில் உண்டு. ஆனால் உங்களிடம் அப்படிச் சொத்து எதுவும் வாங்கவில்லை. ஆகவே வங்கி மேலாளருக்கு முதல் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "என் எந்தக் கடன், எவ்வளவு தொகைக்கு சிஜிடிஎம்எஸ்இ-யில் இருக்கிறது? கழித்த கட்டணம் எதற்கு?" பதில் "ஆமாம், இருக்கிறது" என்றால், வீட்டுப் பத்திரம் கேட்ட பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஒரு பக்கம் உத்தரவாதக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, அதே கடனுக்கு இன்னொரு பக்கம் சொத்தும் கேட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த மேலாளரும் விரும்ப மாட்டார்.

ஒன்றை மட்டும் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான். கடன் நின்றுபோனால் அறக்கட்டளை பணம் கொடுத்த பிறகும் வங்கி உங்களிடம் முழுத் தொகையையும் வசூலிக்கலாம்.

அம்மா பத்திரம் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிகள் பிணைச் சொத்தை நேரடியாகக் கைப்பற்ற வழி செய்யும் 2002-ன் சர்ஃபேசி சட்டத்தில் "கடன் வாங்கியவர்" என்றால் பிணைச் சொத்து கொடுத்தவரும் ஜாமீன்தாரரும் அதில் அடக்கம். உங்கள் கணக்கு வராக்கடன் ஆனால் பணம் கட்டச் சொல்லும் 13(2) பிரிவு நோட்டீஸ் அம்மாவுக்கும் போகும். 60 நாளில் பணம் கட்டாவிட்டால் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையை நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வங்கி தொடங்கலாம். சிவில் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம் என்றால் அந்த வழியையும் 34-ம் பிரிவு அடைத்து வைத்திருக்கிறது. 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லாமல் "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று பத்திரத்தை வாங்கிவிடுகிறார்கள்.

வெற்றுக் காசோலையும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டு வெறுமையாகக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள காசோலைகளுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 20-ம் பிரிவு இடம் தருகிறது. "தொகையை நான் எழுதவில்லை" என்பது மட்டுமே, காசோலை திரும்பினால் 138-ம் பிரிவில் போடும் வழக்கில் எடுபடாது. 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தவணை தானாகவே கழிகிறபோது காசோலை எதற்கு என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் அப்படியொரு நிபந்தனை இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

சரி, வட்டிக்கு வருவோம். இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறு, சிறு தொழில்களுக்கு 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வங்கி ஸ்பிரெட் என்று ஒரு கூடுதல் சதவீதம் வைக்கும். கடன் வாங்கியவரின் ரிஸ்க்குக்காகச் சேர்க்கும் ரிஸ்க் பிரீமியம் அந்த ஸ்பிரெட்டில் ஒரு பகுதி. கடன் நடப்பில் இருக்கும்போது அதை எப்போது மாற்றலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது: கடன் வாங்கியவரைப் பற்றிய மதிப்பீடு கணிசமாக மாறியிருக்க வேண்டும், அப்படி மாறினால் வட்டி மாறும் என்று கடன் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்றலாம்.

"நான் ஒழுங்காகக் கட்டுகிறேன், கொழுந்தனார் கடனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று வாதாடாதீர்கள். அது தோற்கும் வாதம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் கடனாளியை விரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றும் இல்லை. பேங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே முடித்து வைத்துவிட்டது. அந்த வேன் கடன் நாளைக்கு உங்கள் மீது வந்து விழலாம், அப்போது அட்டைப்பெட்டித் தொழிலின் பணம்தான் அங்கே போகும் என்று வங்கி கணக்குப் போட்டால், அதில் தப்பு சொல்ல முடியாது.

உங்கள் பலம் தேதியில் இருக்கிறது. கொழுந்தனார் தவணை நின்றதே மூன்று மாதமாகத்தான். கூடுதல் வட்டியோ நான்கு மாதமாகப் பிடித்திருக்கிறார்கள். அவர் முதல் தவணையைத் தவறவிடும் முன்பே உங்கள் ரிஸ்க் கூடியது எப்படி? இரண்டாவது, வட்டி மாற்றத்தை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், அது வருங்காலத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என்பது நியாயமான கடன் நடைமுறை விதி. போன வாரக் கடிதத்தை வைத்து நான்கு மாதத்துக்கு முன்னால் போய்ப் பிடித்த தொகையைத் திருப்பிக் கேளுங்கள். இது உறுதியாக நிற்கும் கோரிக்கை. கடிதத்தில் ரெப்போ எவ்வளவு, பழைய ஸ்பிரெட் என்ன, புதிய ஸ்பிரெட் என்ன, ஒப்பந்தத்தின் எந்த ஷரத்து, எந்தத் தேதியில் செய்த மதிப்பீடு என்று கேட்டு எழுதுங்கள். ஒப்பந்த நகல் கையில் இல்லையென்றால் இணைப்புகளோடு கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது வங்கியின் கடமை.

இனி பிரச்சினையின் வேருக்கு வருவோம். வேன் கடனில் முதல் தவணை தவறி 90 நாளைத் தாண்டினால் அது வராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு நிலுவைத் தவணை மொத்தமும் தீர்ந்தால்தான் கணக்கு ஒழுங்குக் கணக்காகும். ஒன்றிரண்டைக் கட்டிச் சமாளிக்க முடியாது. உங்கள் கணக்குப்படி அந்தத் தேதி வாசலில் நிற்கிறது. கொழுந்தனாரை உட்கார வைத்துப் பேசுங்கள். முடியவில்லை என்றால், கசப்பாக இருந்தாலும், நிலுவைத் தவணையை நீங்களே நேரடியாக நிதி நிறுவனத்துக்கு வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். கையில் ரொக்கமாக அவரிடம் கொடுக்காதீர்கள். ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டிய தொகையை ஒப்பந்தச் சட்டத்தின் 145-ம் பிரிவின்படி அவரிடமிருந்து திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரசீது இல்லாவிட்டால் அந்த உரிமையை நிரூபிப்பதே பெரும்பாடு. ஒன்றரை சதவீதம் கூடுதல் வட்டி 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய் என்பதையும் மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜாமீனிலிருந்து விலகுகிறேன் என்று கடிதம் எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். பணம் கொடுத்து முடிந்த ஒரே கடனுக்கான ஜாமீனை அப்படித் தனியாக ரத்து செய்ய முடியாது. நிதி நிறுவனம் சம்மதித்து வேறு ஜாமீன்தாரரை ஏற்றுக்கொண்டால்தான் வழி.

அப்புறம், கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். வேன் கடன் உங்கள் பெயரில் ஜாமீன்தாரர் என்று இருக்கிறதா, கடனாளி என்றே பதிவாகியிருக்கிறதா, தாமத நாட்கள் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நிலுவையைக் கட்டிய பின் புதிய அறிக்கையோடு வங்கிக்குப் போய், ஏற்றிய பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள். ஏறும்போது மதிப்பீடு பார்த்தவர்கள் இறங்கும்போதும் பார்க்க வேண்டும்.

சிசி ரினியூவலில் வங்கியின் கை ஓங்கியிருக்கிறது. அது பொதுவாக ஓராண்டு லிமிட். புதுப்பித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் வங்கியைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் கோபத்தில் ரினியூவலைக் கிடப்பில் போடாதீர்கள். காலக்கெடு முடிந்து 180 நாளுக்குள் புதுப்பிக்காத லிமிட், வட்டி ஒழுங்காகக் கட்டினாலும் வராக்கடனாகிவிடும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், தணிக்கைக் கணக்கு எல்லாவற்றையும் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பிறகு தாமதம் அவர்களுடையது. பேரம் பேச வேண்டி வந்தால் லிமிட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டை வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வேறு வங்கிக்கு மாறுவது பற்றி: மாறும் வட்டியில் குறு, சிறு தொழில்கள் வாங்கும் கடனுக்கு வணிக வங்கிகள் முன்கூட்டிய அடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் உத்தரவிட்டது. ஆனால் அது 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த அல்லது புதுப்பித்த கடன்களுக்குத்தான். உங்கள் டேர்ம் லோன் 2024 டிசம்பரைச் சேர்ந்தது, ஆகவே அதில் அடங்காது. ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அனுமதித்த சிறுதொழில் டேர்ம் லோன்களுக்குக் கட்டாயமான கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் (கடனின் முக்கிய விவரத் தாள்) உங்களிடம் இருக்க வேண்டும். கட்டணங்கள் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது. 4 சதவீதம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மிரட்டல் வெறும் வாய்ப்பேச்சுதான். இருந்தால், மிச்சமாகும் வட்டியையும் கட்டணத்தையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். ஆனால் ஸ்கோர் இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் நாலு வங்கியில் ஒரே சமயம் விண்ணப்பம் போடாதீர்கள். உங்கள் ஸ்கோரைப் பற்றி வங்கிகள் கேட்கும் ஒவ்வொரு விசாரணையும் கடன் தகவல் அறிக்கையில் ஏறும்.

கூடுதல் வட்டியைக் கட்டாமல் எதிர்ப்புக் காட்டுவதும் வேண்டாம். "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கும்வரைதான் கேள்வி கேட்க முடியும்.

வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே இலவசமாகப் புகார் செய்யலாம். புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். "என்னை நம்ப மறுக்கிறார்கள்" என்று எழுதினால், வங்கியின் வணிக முடிவில் தலையிட முடியாது என்று திருப்பிவிடுவார்கள். முன்தேதியிட்டு வட்டி பிடித்தது, ஒப்பந்த ஷரத்தைக் காட்டாதது, உத்தரவாதத்தில் உள்ள கடனுக்குச் சொத்து கேட்டது என்று விதி மீறல்களைத் தேதியோடு எழுதுங்கள். நுகர்வோர் நீதிமன்றத்தை நான் சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வாங்கிய கடன் "வணிக நோக்கம்" என்ற வாதத்திலேயே அங்கே வருடங்கள் ஓடிவிடும். குறைதீர்ப்பாளரிடம் வக்கீல் மூலமாகப் போக அனுமதி இல்லை, நீங்களேதான் எழுத வேண்டும். எனவே மேலே சொன்ன கடிதங்களையும் ஒப்புகைகளையும் தேதி வரிசையில் ஒரு கோப்பாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.