எதிரே கம்பு பிடிக்க ஆள் வேண்டும்

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சென்னிமலைப் பக்கம். பகலில் ஒரு கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் கோயில் திடலில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லித் தருகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமா. முட்டி வலியால் அவர் திடலுக்கு வருவதை நிறுத்தியதும் வகுப்பு என் கைக்கு வந்தது.

கொஞ்ச நாளாக அலுத்துப் போகிறது. தினமும் அதே வணக்கம், அதே காலடி, அதே சுற்று. ஆண்டு விழாவில் ஆடி முடித்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். முன்பெல்லாம் கம்பைத் தொட்டாலே உடம்பு சூடாகும். இப்போது மணி ஆறானால் ‘போகணுமே’ என்றிருக்கிறது. விட்டுவிடலாமா? நீங்களும் சொல்லித் தருபவர் என்பதால் கேட்கிறேன்ங்க.

வி.

அன்புள்ள வி.,

விட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் வகுப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், சான்றிதழ் இருக்கிறது. கடைசியாக நீங்கள் யாரோடு கம்பு மோதினீர்கள் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. மாமா நின்ற பிறகு உங்கள் கம்பின் மேல் இன்னொருவர் கம்பு படவே இல்லை என்று நினைக்கிறேன். அலுப்பு அங்கேதான் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள்.

தனியாகச் சுற்றும்போது அடுத்தது என்ன என்று கைக்கு முன்பே தெரியும். அதனால் மனம் வேறு எங்கோ போய்விடுகிறது. எதிரே ஆள் நின்றால் கதையே வேறு. நீங்கள் தலைக்கு வீசுகிறீர்கள். அவர் பின்னங்காலை அரை அடி இழுத்து, கம்பைக் குறுக்கே தூக்கித் தடுக்கிறார். மூங்கிலில் மூங்கில் மோதிய அதிர்வு மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஏறும். அது அடங்குவதற்குள் அவருடைய கம்பின் மறுமுனை உங்கள் முட்டியைத் தேடி வந்துவிடும். அந்த நேரத்தில் நாளைக்கு முடிக்க வேண்டிய கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? நாம் தினமும் அலுத்துக்கொண்டு போடும் காலடியெல்லாம் அந்த ஒரு நொடியில் ஒதுங்கத்தான். ஒதுங்க வேண்டிய அவசியமே வராதபோது காலடி வெறும் உடற்பயிற்சியாகிவிடுகிறது. வாத்தியாருக்கு அது பிள்ளைகளைவிட முதலில் தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் அலங்காரச் சிலம்பம் இன்று நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆடிப்பெருக்கு வந்தால் 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் பெயரால் மேடை போடுகிறார்கள், பிள்ளைகள் கம்பு சுற்றுகிறார்கள். அவர் கோட்டை கட்டிய ஓடாநிலை உங்கள் பக்கத்து அறச்சலூரை ஒட்டித்தானே இருக்கிறது. அதெல்லாம் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது, மணிக்கணக்கில் நிற்காமல் சுற்றவைத்து ‘உலக சாதனை’ என்று பட்டயம் கொடுக்கும் வழக்கம். வெயிலில் தோள்பட்டை இறுகிப்போய், முகம் வாடி நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை அதில் என்ன சிலம்பம் கற்றது? உங்கள் வகுப்புக்கும் அப்படி அழைப்பு வரும். மறுத்துவிடுங்கள்.

சான்றிதழ் கேட்கும் பெற்றோர் மேல் எனக்கு வருத்தமில்லை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்திருக்கிறது. தறி ஓட்டும் வீட்டிலிருந்து வரும் தகப்பன் அதைக் கேட்காமல் என்ன செய்வார்?

சரி, உங்கள் பயிற்சிக்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு வேண்டாம். பெருந்துறையோ ஈரோடோ காங்கேயமோ, பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில் கம்பு பிடிப்பவர்கள் இருப்பார்கள். வேறு வாத்தியாரிடம் பழகியவர் என்றால் இன்னும் நல்லது. அவர் கால் வைக்கும் விதம் உங்களுக்குப் புதிராக இருக்கும். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுங்கள். முதல் சில வாரம் நிறையவே அடி வாங்குவீர்கள், வாங்குங்கள். ‘நான் வகுப்பு எடுப்பவள்’ என்பதை அங்கே யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நான் இன்றும் இப்படித்தான் போகிறேன். திரும்பி வந்து எடுக்கும் வகுப்பில் என் குரலே வேறாக இருக்கிறது. ஒரு பிள்ளை கம்பைத் தவறாகப் பிடித்தால், அதனால் எங்கே அடி விழும் என்பது என் உடம்புக்குப் புதிதாகத் தெரிந்திருக்கிறது.

‘அதே காலடி’ என்று எழுதியிருந்தீர்கள். ஒகினாவாவில் பிறந்து, 1922-இல் டோக்கியோ போய்க் கராத்தேயை ஜப்பான் முழுக்கப் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி, இளமையில் மூன்றே மூன்று கட்டாக்களை, அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்புகளை, பத்து ஆண்டு பழகியிருக்கிறார். இரவில் அசாடோ என்ற ஆசானின் வீட்டு முற்றத்தில் பயிற்சி. ஆசான் உட்கார்ந்து பார்ப்பார், ‘இன்னொரு தடவை’ என்பார், பாராட்டு அபூர்வம். பத்து ஆண்டும் ஃபுனாகோஷியைத் தாங்கியது அந்தப் பார்வை என்று நான் நம்புகிறேன். தான் மட்டும் பார்த்துக்கொண்டு அதே மூன்றைச் செய்திருந்தால் அவரும் உங்களைப் போலத்தான் கடிதம் எழுதியிருப்பார். உங்கள் மாமாவுக்கு முட்டியில்தானே வலி? கண் நன்றாகத்தானே இருக்கிறது? ஞாயிறு காலை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர் முன்னால் செய்துகாட்டுங்கள். திட்டுவார், திட்டட்டும். அவருக்கும் அது வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒன்று. திடலில் பிள்ளைகளை விட்டுவிட்டு வண்டி மேல் உட்கார்ந்து காத்திருக்கும் அம்மாக்கள் இருப்பார்களே, அவர்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. இன்று கொங்கில் கும்மி ஆடும் கூட்டத்தைப் பார்த்தால் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்களே சொல்வீர்கள். உள்ளே வராதிருந்தவர்கள் வந்ததால் அந்த ஆட்டம் தழைத்தது.

பெரியவர்களுக்குச் சொல்லித் தருவது வேறு மாதிரி. ‘ஏனுங்க இந்தக் காலை முதலில் வைக்கணும்?’ என்று கேட்பார்கள். பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். பதில் தேடி நீங்களே திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும். காலடி பழகிய பிறகுதான் கம்பு என்ற முறையை அவர்களிடம் பிடிவாதமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நாள் முழுக்கத் தறியிலும் அடுப்படியிலும் நின்றுவிட்டு வருகிறவர்கள், முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள். கம்பு நெற்றி உயரம் இருக்கட்டும், நல்ல கல்மூங்கிலாகப் பார்த்து எண்ணெய் தடவி வையுங்கள். மாதக் கட்டணமும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். காசு கொடுத்துச் சேர்ந்தால் மழைத் தூறலுக்கெல்லாம் வகுப்பை விடமாட்டார்கள்.