டிபிஎஃப் 'கிளீன்' செய்த பழைய டீசல் கார்: முதல் வண்டியாக வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 21 வயது. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. எட்டு வருடம் ஓடிய 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 82,000 கி.மீ. வேலைக்குப் போக 7 கி.மீ., திரும்பி வர 7 கி.மீ. மாதம் ஒருமுறை 250 கி.மீ. தள்ளியிருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போவேன். "டிபிஎஃப் இப்போதுதான் கிளீன் பண்ணினோம், இனிமேல் தொல்லை இல்லை" என்கிறார் விற்பவர். மைலேஜ், பிக்கப் இரண்டும் பிடித்திருக்கிறது. வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: விற்பவர் நல்ல செய்தியாகச் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் முதலில் பிடித்து இழுக்க வேண்டும். டிபிஎஃப் என்பது சைலன்ஸர் பாதையில் இருக்கும் வடிகட்டி. டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஓரளவு நிறைந்ததும் தானே எரித்துவிடும். எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் மட்டும் வெளியே போக வழியில்லை, உள்ளேயே தங்கும். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி, சரியான ஆயில் ஊற்றப்பட்ட வண்டியில் சாம்பல் அடைக்கப் பொதுவாக ஒன்றரை லட்சம் கி.மீ.க்கு மேல் ஆகும். 82,000-லேயே கிளீன் செய்ய வேண்டி வந்தது ஏன்? வண்டி முழுக்க ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டித் தூரம் ஓடியிருக்கலாம். கரியை அதிகமாகத் தள்ளும் வேறு கோளாறு இருந்து, அதைச் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் கழுவியிருக்கலாம். அல்லது மீட்டர் பொய் சொல்லலாம். எது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் ஓட்டம். மாதம் 25 வேலை நாள் என்றால் ஊருக்குள் 350 கி.மீ., பெற்றோர் வீட்டுக்குப் போய்வர 500 கி.மீ. தூரத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை, டீசலுக்கு ஏற்ற ஓட்டம்தான். ஆனால் டிபிஎஃப் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. மாதத்தில் 52 முறை ஸ்டார்ட் செய்கிறீர்கள். அதில் 50 முறை, இன்ஜின் சூடேறி முடிப்பதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட மெதுவாகத்தான் சூடேறும். கூலன்ட் 90 டிகிரியை நெருங்கும்போது உங்கள் ஆபீஸ் வந்திருக்கும்.

கரியை எரிக்க வடிகட்டிக்குள் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க இன்ஜின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். பல வண்டிகளில் 300 முதல் 600 கி.மீ.க்கு ஒருமுறை இது நடக்கும், 10 முதல் 20 நிமிடம் எடுக்கும். உங்கள் கணக்குப்படி, இரண்டு நெடும்பயணங்களுக்கு நடுவே 350 கி.மீ. ஊர் ஓட்டம். ஊருக்குள் கரி சேரும் வேகமும் அதிகம். அதனால் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் எங்கோ ஒரு நாள் வடிகட்டி எரிக்கத் தொடங்கும். பாதியில் நீங்கள் சாவியைத் திருப்பி அணைப்பீர்கள். மறுநாளும் அதே கதை. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் முதலில் அடிவாங்குவது டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) பேரிங்கும். ஆயில் அளவு எல்லை மீறி ஏறிவிட்டால், இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் கத்தும் அபாயம்கூட உண்டு.

ஆகவே, வாரம் ஒருமுறை 30 முதல் 40 நிமிடம், 2,000–2,500 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டக்கூடிய சாலை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அப்படி ஓட்டுவீர்களா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள். இல்லையென்றால் அதே வண்டியின் பெட்ரோல் மாடலைத் தேடுங்கள். மைலேஜில் இழப்பது ஒரு டிபிஎஃப் செலவுக்கு முன் பெரிய விஷயமில்லை. ஆண்டுக்கு 10,000 கி.மீ.க்கு டீசல் லாபமா என்பதற்கும் ஒரு எளிய கணக்கு உண்டு: பெட்ரோல் மாடலைவிட எவ்வளவு அதிகம் கொடுக்கிறீர்களோ, அதை ஒரு கி.மீ.க்கு மிச்சமாகும் எரிபொருள் செலவால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் 40,000 கி.மீ.யைத் தாண்டினால், போட்ட பணம் திரும்பவே உங்களுக்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். வயதான டீசலுக்கு உங்கள் நகரத்தில் நுழைவுத் தடையோ கூடுதல் கட்டணமோ இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மீது கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் காட்டிக்கொடுக்கும் எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள்.

குளிர்ந்திருந்தால் முதலில் டிப்ஸ்டிக். அதில் ஆயில் கறுப்பாக இருப்பது டீசலில் குற்றமே இல்லை, மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பார்க்க வேண்டியது அளவு. மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா? விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லாமல் தண்ணீர்போல ஓடுகிறதா? முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறதா? மூன்றும் சேர்ந்தால் மேலே சொன்ன பாதியில் அணைத்த கதைதான் இந்த வண்டியிலும் நடந்திருக்கிறது. கூலன்ட் டப்பாவையும் திறந்து பாருங்கள் (சூடான பிறகு திறக்கவே கூடாது). மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அத்துடன் முடிந்தது.

பிறகு ஸ்டார்ட். சாவியை ஒரு படி திருப்பியதும் சுருள் வடிவ ஹீட்டர் விளக்கு எரிந்து அணையும், அதன்பின் ஸ்டார்ட் கொடுங்கள். உடனே பிடித்து, ஓரிரு நொடியில் சீராக வேண்டும். முதல் சில நொடி தட்டுத் தடுமாறி வெள்ளைப் புகை தள்ளிப் பிறகு சரியானால் பெரும்பாலும் ஹீட்டர் பிளக் கோளாறு. பிளக் விலை குறைவுதான். ஆனால் பல வருடம் இறுகிப்போன பிளக் கழற்றும்போது முறிந்து ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வேலை அங்கேதான் இழுக்கும். இன்ஜின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பான வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில். மிதித்தால் மட்டும் கரும்புகை என்றால் டர்போ குழாயில் காற்றுக் கசிவு, இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் விடுவது), இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை) மூன்றில் ஒன்று. டிபிஎஃப் உள்ள வண்டியில் கரும்புகை கண்ணுக்குத் தெரியவே கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்கு ஒரு சோதனை. சைலன்ஸர் வாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் வண்டியில் துணி சாம்பல் நிறத்தில் லேசாகத்தான் அழுக்காகும். அடுப்புக்கரிபோலப் பூசிக்கொண்டு வந்தால், 'கிளீன்' செய்ததாகச் சொல்லப்படும் வடிகட்டியின் உள்பாகத்தை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கலாம். நிறையவே நடக்கிற வேலை இது. அப்படிப்பட்ட வண்டி புகைச் சோதனையில் தோற்கலாம், பல நாடுகளில் ஓட்டுவதே சட்டப்படி குற்றம்.

ஐட்லிங்கில் விட்டுக் காதைக் கொடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முதல் சில நொடி உலோகச் சலசலப்பு கேட்டால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். 1.3 லிட்டர் என்கிறீர்கள். அது பல கம்பெனிகள் பொருத்திய ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட்டாக இருந்தால் அதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். 'ஆயுளுக்கும் செயின்' என்று விற்பார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் மட்டுமே அது உண்மை. ரெனோவின் 1.5 டிசிஐ, பெஜோ–ஃபோர்டு கூட்டில் வந்த 1.6 டீசல் போன்றவற்றில் பெல்ட். பெல்ட் என்றால் மாற்றிய பில் வேண்டும், கி.மீ. ஆகாவிட்டாலும் வருடம் ஆனால் மாற்றியே தீர வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போகும்.

"சுஃப் சுஃப்" என்று ரயில் மூச்சு விடுவதுபோல் சத்தம் வந்தால் இன்ஜெக்டர் அடியில் உள்ள செப்பு வாஷர் கசிகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் தார் உருகி உறைந்ததுபோல் கறுப்பாக இருக்கும். பிறகு கிளட்ச்சை மிதியுங்கள். மிதிக்காதபோது இருக்கும் கடகடப்பு மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங் அல்லது டூயல் மாஸ் ஃபிளைவீல் (இன்ஜின் அதிர்வைத் தாங்கும் இரட்டைச் சக்கரம்). மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். இன்ஜினை அணைக்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றாலும் சந்தேகம் ஃபிளைவீல் மீதுதான். எல்லாச் சிறிய டீசலிலும் டூயல் மாஸ் இருக்காது. இருந்தால் கிளட்ச் செட்டைவிட அதன் விலை பெரிது. "கிளட்ச் மட்டும் மாத்தினா போதும்" என்ற பேச்சை நம்பி விலை பேசாதீர்கள்.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அந்தத் துளை மீது தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. மூடி குதித்துக் கீழே விழுந்து, குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

சாலையில் ஒரே ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில், காலியான நேர்சாலையில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். 1,800–2,000 ஆர்பிஎம் வாக்கில் டர்போ உதைப்பது முதுகில் தெரிய வேண்டும். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வேகம் ஏறும்போதே சக்தி சட்டென்று செத்து எச்சரிக்கை விளக்கு எரிந்தால், டர்போவின் உள் இதழ்கள் கரியில் இறுகியிருக்கலாம். மெல்லிய விசில் சத்தம் இயல்பு. ஆம்புலன்ஸ் சைரன்போல ஏறி இறங்கினால் டர்போ பேரிங் போகிறது என்று பொருள்.

இவ்வளவும் தேறினால், அந்த மாடலுக்கு ஏற்ற ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். வெறுமனே 'எரர் இல்லை' என்ற பதில் போதாது, முந்தின நாள் எல்லாவற்றையும் அழித்திருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை: கடைசியாகக் கரி எரித்து எத்தனை கி.மீ. ஆயிற்று, இப்போது எத்தனை கிராம் கரி இருக்கிறது, சாம்பல் அளவு என்ன, நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவில் (ஒவ்வொன்றுக்கும் கணினி கூட்டிக் குறைக்கும் டீசல் அளவு) ஒன்று மட்டும் தனித்து நிற்கிறதா. இன்ஜின் அணைந்து சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது டிபிஎஃப்பின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் சென்சாரே பொய் சொல்கிறது. நெடுநேரம் ஓட்டியும் கூலன்ட் 75 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் சூடாகவில்லை என்று கணினி நினைப்பதால் பல வண்டிகளில் கரி எரிப்பே தொடங்காது. சின்னப் பாகம். ஆனால் எத்தனையோ டிபிஎஃப்களை வீணாகக் கழுவ வைத்தது இதுதான்.

மீட்டரையும் அங்கேயே சரிபார்க்கலாம். சில வண்டிகளில் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் கணினிகளில் கி.மீ. தனித்தனியே பதிவாகியிருக்கும், டேஷ்போர்டு எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 82,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கக் கூடாது. புத்தம் புது ரப்பர் இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. ஸ்டெப்னியையும் தூக்கிப் பாருங்கள், அதன் அடியில் பூட் தரை சுருங்கியிருந்தாலோ புது வெல்டிங் தெரிந்தாலோ பின்னால் அடிபட்ட வண்டி. இதில் ஒரு தலைகீழ் நியாயம் உண்டு: ஊருக்குள் 60,000 ஓடிய டீசலைவிட, பில்களோடு நெடுஞ்சாலையில் 1,40,000 ஓடிய டீசலையே துணிந்து வாங்கலாம்.

உங்கள் வயதுக்கு மட்டும் உரிய இரண்டு விஷயங்கள். இன்ஷூரன்ஸ் தொகையை வண்டி வாங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். இளம் ஓட்டுநருக்கு அது கணிசமாக ஏறக்கூடும். அதைக் குறைக்க, தினமும் ஓட்டுவது அப்பா என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் ஓட்டினால், விபத்து நாளில் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம். முந்தைய உரிமையாளர் ரீமேப் செய்து (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றி) சக்தியைக் கூட்டியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, ஒரே விலையில் இரண்டு வண்டி நின்றால் அலாய் வீல் உள்ளதை விட்டுவிட்டு, ஏபிஎஸ்ஸும் ஈஎஸ்பியும் (வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ளதை எடுங்கள். டீசலின் உந்துவிசை கீழ் ஆர்பிஎம்மிலேயே ஒரே தள்ளாக வரும். ஈரச் சாலை வளைவில் அதை முதன்முறை சந்திக்கும்போது ஈஎஸ்பி உதவும்.

வாங்கினால், விலையில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் வாரமே ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் நான்கையும் மாற்றுங்கள். ஆயில் டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 போல 'சி' வகைக் குறியீடு இருக்க வேண்டும், எது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சாம்பல் குறைவாக விடும் ஆயில் அது. டீசல் ஃபில்டரைக் கழற்றும்போது உள்ளே இருப்பதை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். வெயிலில் மினுமினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால் ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து உதிர்கிறது. துகள் பரவியிருந்தால் பம்ப், ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் குழாய்), இன்ஜெக்டர் எல்லாமே மாற்ற வேண்டிவரும். முடிந்தால் இந்தச் சோதனையைப் பணம் கொடுக்கும் முன்பே, உங்கள் செலவில் புது ஃபில்டர் போட்டுத் தருவதாகச் சொல்லிச் செய்துவிடுங்கள்.

ஓட்டும்போது மைலேஜ் ஆசையில் 1,200 ஆர்பிஎம்மில் ஐந்தாவது கியரை இழுக்காதீர்கள். கரியும் சேரும், ஃபிளைவீலும் அடிவாங்கும். ஐட்லிங் வழக்கத்தைவிடச் சற்று ஏறி, மைலேஜ் காட்டும் எண் சட்டென்று விழுந்து, அணைத்த பிறகும் ஃபேன் ஓடினால் கரி எரிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அடுத்த முறை அந்த அறிகுறி வரும்போது வீட்டு வாசலைத் தாண்டி இன்னும் 15 நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.