அமெரிக்காவில் வறட்சி என்றால் நாமக்கல்லில் மூட்டை அடுக்க வேண்டுமா?

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் வறட்சியாம், மக்காச்சோளம் விலை எகிறப் போகிறது, ஆறு மாதத் தேவையை இப்போதே வாங்கிப் போடுங்கள் என்கிறார் புரோக்கர். கடன் வாங்கியாவது வாங்கலாமா?

பதில்: கடன் வாங்கி வேண்டாம்.

அயோவா, இல்லினாய் பக்கம் மழை பொய்த்தால் உலகச் சந்தையில் விலை ஏறும், அது உண்மைதான். விளைச்சல் குறைந்தது என்பதற்காகக் கோழியும் பன்றியும் தின்பதைக் குறைக்காது, மக்காச்சோளத்திலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கும் ஆலையும் சட்டென்று நிற்காது. உலகக் கையிருப்பு ஏராளம் என்பார்கள், ஆனால் அதில் பாதிக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது, அது வெளியே வராது.

ஆனால் அந்த விலை அப்படியே உங்கள் பண்ணைக்கு வந்துவிடாது. நம் நாட்டில் மக்காச்சோள இறக்குமதிக்குச் சாதாரண வரி 50 சதவீதம். அமெரிக்காவில் விளைவது பெரும்பாலும் மரபணு மாற்றியது, அதற்கு இங்கே அனுமதியும் இல்லை. சலுகை வரியில் சுமார் 5 லட்சம் டன் கொண்டுவர ஒரு வழி உண்டு, அதற்கான உத்தரவு வந்து, டெண்டர் விட்டு, கப்பல் வந்து சேர்வதற்குள் உங்கள் கோழி ஒரு சுற்று முட்டையிட்டு முடித்திருக்கும்!

ஒரு விதிவிலக்கு: 2012. அந்த வருட வறட்சியில் சிகாகோ சரக்குச் சந்தையில் ஒரு புஷல், அதாவது சுமார் 25 கிலோ, 8 டாலரைத் தாண்டியது. அப்போது நாம் ஏற்றுமதி செய்யும் நாடு, வெளிநாட்டில் நல்ல விலை என்றதும் சரக்கு வியட்நாம், இந்தோனேசியா என்று கப்பலேறியது, 2012-13இல் மட்டும் 40 லட்சம் டன்னுக்கு மேல். அப்படிப் போகும்போது வெளியூர் வறட்சி இங்கேயும் சுடும். ஆகவே பார்க்க வேண்டியது, நம் சரக்கு துறைமுகத்துக்குப் போகிறதா இல்லையா என்பதைத்தான். இப்போது அதில் ஒரு பகுதி எத்தனால் ஆலைக்குப் போகிறது. அந்த எத்தனாலின் கொள்முதல் விலையைத் தில்லியில் முடிவு செய்யும்போது தீவனம் வாங்குகிறவனை யார் கேட்கிறார்கள்?

புரோக்கரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். விலை ஏறினால் லோடு வராது, இறங்கினால் ஈரத்தோடு வாசலில் வந்து நிற்கும். கர்நாடகச் சரக்கு அக்டோபர், நவம்பரிலும் பீகார் சரக்கு ஏப்ரல், மேயிலும் வரும், அதுவரைக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் என்றால் இறக்கவே விடாதீர்கள். வறட்சியில் காய்ந்த கதிரில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அதிகம் வரும், அதனால் லோடு வந்ததும் பல மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து அந்தச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.