மறதிநோயாளிக்குக் காபி: எப்போது கொடுக்கலாம், எப்போது கூடாது?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 78. அல்சைமர் நோய் இருப்பதாக மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் சொன்னார். சில மாதங்களாக நள்ளிரவு 2 மணிக்கே எழுந்து, விடிந்துவிட்டது என்று சொல்லி அடுப்படிக்குப் போய்க் காபி கேட்கிறார். கொடுத்தால் சற்று நேரம் அமைதியாக இருக்கிறார், ஆனால் அதன்பிறகு தூங்குவதே இல்லை. கொடுக்காவிட்டால் அழுகிறார். சிறு வயதிலிருந்தே காபி குடித்துப் பழகியவர். அடியோடு நிறுத்திவிடலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: அடியோடு நிறுத்த வேண்டாம், நள்ளிரவில் கொடுக்கவும் வேண்டாம்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது சேரச் சேரத்தான் கண் சொக்குகிறது. காபியில் உள்ள கஃபீன், அடினோசின் சென்று அமர வேண்டிய இடங்களில் தான் அமர்ந்துகொள்வதால், உடம்பு களைத்திருந்தாலும் மூளைக்கு அது தெரிவதில்லை. நல்ல உடல்நலம் உள்ளவருக்கே குடித்த கஃபீனில் பாதி வெளியேறச் சுமார் 5 மணி நேரம் ஆகிறது என்பதால், மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் (கிருமிக்கொல்லி), ஃப்ளுவாக்சமைன் (மனச்சோர்வுக்கானது) போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு இந்த நேரம் இன்னும் நீளும். அல்சைமர் நோயிலோ, இரவு பகலைப் பிரித்துக் காட்டும் மூளையின் உட்கடிகாரமே பழுதுபட்டுவிடுகிறது. அந்தப் பழுதை நம்மால் சரிசெய்ய முடியாது. அதன்மேல் கஃபீனையும் ஏற்றாமல் இருக்க முடியும்.

முதலில், உங்கள் மாமியார் ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். குடித்ததை மறந்து மறுபடியும் கேட்பவருக்கு, காலையில் நீங்கள், 11 மணிக்கு உங்கள் கணவர், 3 மணிக்கு வேலைக்கு வரும் அம்மா, மாலையில் பேத்தி என்று ஆளுக்கொரு தரம் கொடுத்திருப்பீர்கள். மொத்தக் கணக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. ஃபில்டர் இருக்கும் இடத்திற்கு அருகில் ஒரு தாளை ஒட்டி, யார் கொடுத்தாலும் நேரத்தையும் அளவையும் எழுதுவது என்று ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தேநீர், கோலா பானங்கள், சாக்லேட் ஆகியவற்றிலும், சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் உண்டு என்பதால் அவையும் அந்தத் தாளில் ஏற வேண்டும்.

நீண்ட காலம் காபி குடித்தவருக்குத் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கி, சிலருக்கு ஒரு வாரத்திற்கு மேலும் நீடிக்கும். நம்மைப் போல் "தலை வலிக்கிறது" என்று சொல்ல இவரால் முடியாமல் போகலாம். அது கோபமாகவும், சாப்பிட மறுப்பதாகவும் வெளிப்படும்போது, நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் பயந்து புது மாத்திரை கேட்டு ஓடுவார்கள். ஆகவே, நாளின் கடைசிக் காபியை முதலில் கஃபீன் இல்லாத பானமாக மாற்றுங்கள். நாலைந்து நாள் கழித்து அதற்கு முந்தியதை மாற்றுங்கள். நண்பகலுக்குப் பிறகு கஃபீன் இல்லை என்ற நிலைக்குப் படிப்படியாக வந்தால் போதும். நெதர்லாந்தில் மறதிநோயாளிகள் தங்கியிருக்கும் இல்லங்களில் பிற்பகலிலும் மாலையிலும் கஃபீனை நிறுத்திப் பார்த்த ஒரு முன்னோட்ட ஆய்வில் உறக்கம் மேம்பட்டதாகத் தெரியவந்தது. மிகச் சிறிய ஆய்வுதான் என்றாலும், செலவோ பக்கவிளைவோ இல்லாத முயற்சி என்பதால் செய்து பார்ப்பதில் தவறில்லை.

காலைக் காபியில் மட்டும் கை வைக்காதீர்கள். பொழுது விடிந்தது என்பதற்கு அவருக்கு எஞ்சியிருக்கும் சில அடையாளங்களில் அதுவும் ஒன்று. நள்ளிரவில் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு, கஃபீனைவிட இதுவே பெரிய காரணம்: 2 மணிக்குக் காபி கொடுத்தால், விடிந்துவிட்டது என்று அவர் சொல்வதை நீங்களும் ஒப்புக்கொண்டதாக ஆகிறது.

மாற்றாக, காபித்தூள் கடையில் தனியாகக் கிடைக்கும் சிக்கரியில் கஃபீன் கிடையாது. ஆனால் "சிக்கரி கலந்தது" என்று விற்கும் தூளில் பாதிக்கு மேல் காபியே இருக்கும். கஃபீன் நீக்கிய காபித்தூளிலும் சிறிதளவு கஃபீன் மிஞ்சியிருக்கும். அது பொருட்படுத்தத் தக்கதல்ல. சுக்குமல்லிக் காபியும் நல்லது, காபித்தூள் சேர்க்காமல் வீட்டில் போட்டால். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியில் கவனம் வேண்டும். எதுவானாலும் அதே டபரா டம்ளரில், நுரை பொங்க ஆற்றிக் கொடுங்கள். இது ஏமாற்று வேலை ஆகாதா என்று சிலர் சங்கடப்படுவதுண்டு. அவர் கேட்பது சூடும் மணமும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் என்பதால், நான் அதை ஏமாற்றாகக் கருதவில்லை.

நள்ளிரவில் எழுந்தால் "மணி இரண்டுதான் அத்தை" என்று வாதாடாமல், பெரிய விளக்கைப் போடாமல், முதலில் கழிவறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் எழுப்பிவிட்டது சிறுநீராகத்தான் இருக்கும். காலைக்கான டிகாக்ஷனை இரவே இறக்கி வைக்கும் வழக்கம் இருந்தால், ஃபில்டர் கண்ணில் படாதபடி உள்ளே வையுங்கள். அடுப்படிக்குத் தனியாகப் போகிறவர் என்பதால், படுக்கும் முன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவதை ஒரு நாளும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மறதிநோய் உள்ள என் அப்பாவுக்கு மதியத்திற்கு மேல் காபி, டீ எதுவும் கொடுப்பதில்லை. ஆனாலும் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருக்கிறார். சளி மாத்திரை கொடுத்தால் தூக்கம் வரும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
(வாசகர், கோவை)

பதில்: கூடாது. தூக்கம் வரவழைக்கும் பழைய வகைச் சளி, ஒவ்வாமை மாத்திரைகள் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுப்பவை. மறதிநோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மாத்திரையோ அதே பொருளைக் கூட்டுவதற்காகத் தரப்படுவது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை ஒன்று கெடுத்துக் குழப்பம் அதிகமாகும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். டோனெபெசிலை இரவில் கொடுத்து வருகிறீர்களா என்று பாருங்கள். அது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துக் கொடுங்கனவுகளைத் தரும். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். காலை வெயிலில் நடக்க வைத்து, பகல் தூக்கத்தை மதியம் அரை மணி நேரமாகக் குறைத்துப் பாருங்கள். மூட்டுவலி, மலச்சிக்கல், பலத்த குறட்டை, கால்களில் ஓயாத குறுகுறுப்பு ஆகியவை இருந்தால் அவற்றுக்குத்தான் முதலில் வைத்தியம். இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று இப்படி மாறியிருந்தால், சிறுநீர்த் தொற்று போன்ற வேறு நோயாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: காபி குடித்தால் மறதிநோய் வராது என்று படித்தேன். அப்படியானால் நோய் வந்தவர்களுக்கு ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?
(வாசகி, மதுரை)

பதில்: நடுவயதில் நாளுக்கு 3 முதல் 5 கோப்பை காபி குடித்தவர்களுக்கு முதுமையில் மறதிநோய் குறைவாக வந்ததாக, பின்லாந்தில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்ட தொடர்பு அது. காபிதான் காத்தது என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மேலும் அது நோய் வருவதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது. நோய் வந்த பிறகு காபியைக் கூட்டினால் நினைவு திரும்பும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை.