தர்க்கம் நடக்கும் மேடை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ பார்த்தேன். வள்ளிக்கும் நாரதருக்கும் நடந்த தர்க்கத்தை ஊரே விழித்திருந்து கேட்டது. நான் மதுரையில் தத்துவம் முதுகலை படிக்கிறேன். பிளேட்டோ தம் இலட்சிய நகரத்திலிருந்து கவிஞர்களை வெளியேற்றியதைப் படித்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. மேடையில் நடப்பது சிந்தனையா, அல்லது வேறெங்கோ சிந்தித்து முடித்ததைக் காட்டும் விளக்கம் மட்டும்தானா? நாட்டை இழந்தவர்கள் நாடகத்தை இவ்வளவு இறுகப் பற்றிக்கொள்வது ஏன்?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

மேடையில் நடப்பது சிந்தனைதான் என்று உறுதியாக நம்புகிறேன். நீங்கள் பார்த்த தர்க்கமே அதற்குச் சான்று. நீங்கள் பார்த்தது போன்ற ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள், ஒத்திகை கிடையாது. மதுரையில் 1918இல் நாடக சபை தொடங்கிய நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் அவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து. பாடல்களுக்கு நடுவே வரும் தர்க்கம் அப்படியல்ல. எதிரில் நிற்பவர் துறவைப் பற்றிக் கேட்பாரா, இல்லறத்தைப் பற்றிக் கேட்பாரா என்பது கேட்கும்வரை தெரியாது. பதிலை ஊர் முன்னால் அப்போதே சொல்லியாக வேண்டும். பல இரவுகளில் அது மனப்பாடமாகவோ இரட்டை அர்த்தப் பேச்சாகவோ சரிந்துவிடுகிறது என்பதும் உண்மை. சரியாத இரவில், இன்னொரு மனிதருக்குப் பதில் சொல்லும் கட்டாயத்திலிருந்தே எண்ணம் பிறப்பதை நாம் நேரில் பார்க்கிறோம்.

பிளேட்டோவுக்கும் இது தெரியும். அவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் பாத்திரங்கள் பேசும் உரையாடலாகவே எழுதினார். ‘குடியரசு’ நூலில் கவிஞர்களை வெளியேற்றும் அதே பத்தாம் பகுதியில், கவிதைக்காக யாரேனும் வாதாடி அதன் பயனை நிறுவினால் மகிழ்ச்சியோடு திரும்ப ஏற்போம் என்றும் எழுதியிருக்கிறார். வகுப்புகளில் இந்த வாசல் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட் 1933இல் ஜெர்மனியை விட்டு ஓடியவர். கலிலியோவைப் பற்றிய நாடகத்தின் முதல் வடிவத்தை டென்மார்க்கில் அகதியாக இருந்தபோதுதான் எழுதினார். அதே 1933இல் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், 1951இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும்வரை நாடற்றவராக இருந்தார். புதிதாக வரும் ஒவ்வொருவரையும் நோக்கி உலகம் கேட்கும் கேள்வி ‘நீ யார்?’ என்பது, அதற்கு மனிதர் தம் சொல்லாலும் செயலாலும் பிறர் முன்னிலையில் மட்டுமே பதில் தர முடியும், ஆகவே கலைகளில் நாடகமே அரசியலுக்கு மிக நெருக்கமானது என்று அவர் 1958இல் எழுதினார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மதுரையின் அவைக்களம்தான் நினைவுக்கு வருகிறது. பிழைக்க வந்த ஊரில் கோவலனை யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்காமலே கொன்றார்கள். கண்ணகியிடம்தான் பாண்டியன் ‘யாரையோ நீ’ என்று கேட்கிறான். அவள் உடனே பெயர் சொல்வதில்லை. ‘தேரா மன்னா’ என்று தொடங்கி, புறாவின் துயர் தீர்த்த சோழனையும், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் அந்த அவைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, புகார் தன் ஊர் என்கிறாள்; பிறகு கொல்லப்பட்டவனின் மனைவி என்கிறாள்; பெயர் கடைசியில் வருகிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று மன்னன் சொல்வது ஒரு கோட்பாடு, அதில் பிழையும் இல்லை. அதை அவள் இன்னொரு கோட்பாட்டால் எதிர்க்கவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அவனே சொன்ன பிறகு, தன் சிலம்பை எல்லோரும் பார்க்க உடைக்கிறாள், தெறித்தது மாணிக்கம். ‘யானே கள்வன்’ என்ற முடிவுக்கு மன்னன் வந்தது கேட்டதனால் மட்டும் அல்ல, கண்டதனாலும்தான். ஊரை விட்டு வந்தவளிடம் சாட்சி சொல்ல உறவோ செல்வாக்கோ இல்லை. அவையும், அதன் முன் நிற்கும் உடலும், கையிலிருந்த சிலம்பும் மட்டுமே இருந்தன. நாடு இழந்தவர்களுக்கு மேடை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனால் மேடை அவர்களுக்கு ஊரைத் திருப்பித் தருவதில்லை. வழக்கில் வென்ற கண்ணகிக்கும் மதுரை ஊராகவில்லை. மேற்கு வாசல் வழியாகத் தனியே வெளியேறி, வையைக் கரையோடு சேர நாட்டு மலைக்குப் போகிறாள்.

இதை ஆய்வாக எழுதுவதாக இருந்தால், வள்ளி வேடம் கட்டும் நடிகைகளிடமிருந்தே தொடங்குங்கள். எதிர்பாராத கேள்வி வரும்போது முதலில் எதைப் பற்றிக்கொள்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

அன்புடன்.