கல்லுக்கும் விலாசம் உண்டு

மதிப்பிற்குரிய ஆச்சிக்கு,

எனக்குத் தேவகோட்டைப் பக்கம். வேலை அமெரிக்காவில், டெக்ஸாஸில். மூன்று ஆண்டுகளாக விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவுக்குப் போய்ப் படிகக் கற்கள் தோண்டுகிறேன். மவுன்ட் ஐடா என்ற ஊரைச் சுற்றியுள்ள சுரங்கங்களில் கட்டணம் செலுத்தினால் நாமே தோண்டலாம், கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம். சென்ற மாதம் ஒரு சாண் நீளத்துக்குப் படிகம் ஒன்று கிடைத்தது. படம் இணைத்திருக்கிறேன். வீட்டில் நான்கு பெட்டிகள் நிறைந்துவிட்டன. எதை எங்கே எடுத்தேன் என்பது இப்போது நினைவில்லை. பெரியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சிறியவற்றை வீசிவிடுவேன்.

மார்ச்சில் ஊருக்கு வருகிறேன். நம் செட்டிநாட்டில் எங்கே தோண்டினால் பெரிய படிகம் கிடைக்கும்? கல்லில் ஏறிய செம்மண் கறையை எப்படிப் போக்குவது? படிகம் வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்கிறார் என் மாமியார், உண்மையா? உங்களுக்கும் ஒரு கல் கொண்டுவரட்டுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பித்தளைச் சாமான்களைத் துலக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி கல்யாணம் வருகிறது. ஒவ்வொரு பாத்திரத்தின் கழுத்திலும் எங்கள் விலாசம் வெட்டியிருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தார் வீடுகளில் விலாசம் என்றால் குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்து வரிசை. கரண்டியிலிருந்து அண்டா வரை அதை வெட்டாமல் ஒரு சாமானையும் உள்ளே அடுக்க மாட்டார்கள். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துகள் துலங்கி வந்ததைப் பார்த்தபடி, என் கையால் விலாசம் அழிந்துபோன சில கற்களை நினைத்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

முதலில் உங்கள் கல். அழகு, தம்பி. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு பட்டைகளும் ஒழுங்காக நிற்கின்றன. பட்டைகளின் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் தட்டுப்படும். அடிப்பக்கம் பால்போல் மங்கலாக இருக்கிறது, நுனிக்குப் போகப் போகத் தெளிகிறது. அடியில் ஓர் இடுக்கில் செக்கச் செவேலென்று மண் ஒட்டியிருக்கிறது. நம் ஊர்ச் செம்மண் என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

ஆனால் நுனியில் ஒரு மூலை பெயர்ந்திருக்கிறதே, அது பூமிக்குள் நடந்தது இல்லை. முறிவு கண்ணாடிச் சில்லுபோல வளைந்து பளபளக்கிறது. மண் படியவே இல்லை. கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினீர்கள், அப்படித்தானே? அப்படி என்ன அவசரம்? கல்லின் கடினத்தைச் சொல்ல மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் வகுத்த பத்துப் படிகளில் குவார்ட்ஸ், அதாவது உங்கள் படிகம், ஏழாவது. கத்தியால் அதைக் கீற முடியாது. அதற்காக அடி தாங்கும் என்று நினைத்துவிட்டீர்கள். இரும்பு பட்டால் ஒரு தட்டில் சில்லுப் போய்விடும். மூங்கில் குச்சியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, கல் தானாக அசைந்து கொடுக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு கல்லுக்கு அரை நாள் ஆகும். ஆகட்டும். அந்த மலைகள் மடிந்து எழுந்த காலத்தின் கடைசியில், பாறை வெடிப்புகளில் சூடான நீர் புகுந்து மெல்ல மெல்லக் கட்டிய படிகம் அது. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் சேதமில்லாமல் இருந்ததை உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைத்திருக்கிறது.

பனங்கற்கண்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பதனீரைக் காய்ச்சிய பாகில் நூல் கட்டி, ஒரு மாதத்துக்கு மேல் ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிடுவார்கள். இடையில் யாராவது பானையை உலுக்கினால் குருணைதான் மிஞ்சும். பெரிய படிகத்துக்கும் அதேதான் வேண்டும்: வளர ஓர் இடைவெளி, வற்றாத கரைசல், மாறாத சூடு, கணக்கில்லாத பொறுமை. மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 300 மீட்டர் ஆழத்தில், 2000-இல் ஒரு குகை திறந்தது. அதற்குள் 11 மீட்டர் நீளத்துக்கு ஜிப்சம் படிகங்கள் கிடக்கின்றன, வீட்டுத் தூணைவிடப் பருமனாக. அந்தக் குகைத் தண்ணீர் லட்சக்கணக்கான ஆண்டுகளாக 58 பாகை செல்சியஸ் சூட்டை ஒட்டியே நின்றதால்தான் அவை அப்படி வளர்ந்தன. சுரங்கக்காரர்கள் நீர் இறைப்பதை நிறுத்தியதும் குகை திரும்பவும் மூழ்கிவிட்டது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி. "எதை எங்கே எடுத்தேன் என்பது இப்போது நினைவில்லை." இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா? மூன்று ஆண்டு உழைப்பு, நான்கு பெட்டிக் கல். ஒன்றுக்கும் ஊர் பேர் கிடையாது!

1669-இல் ஸ்டெனோ என்ற டென்மார்க்குக்காரர் ஒன்றைக் கண்டு சொன்னார். ஒரு கனிமத்தின் படிகம் உலகில் எங்கே விளைந்தாலும், குட்டையோ நெட்டையோ, அதன் பட்டைகளுக்கு இடையிலுள்ள கோணம் மாறாது. குவார்ட்ஸின் பக்கப் பட்டைகள் ஆர்கன்சாவிலும் 120 பாகை, ஆல்ப்ஸிலும் 120 பாகை, நம் வல்லத்திலும் 120 பாகை. முதலில் படித்தபோது எனக்கு அது பெரிய ஆச்சரியம். பிறகு யோசித்தபோது வருத்தமாகவும் இருந்தது. கோணத்தை அளந்து இது குவார்ட்ஸ் என்று சொல்லிவிடலாம், எந்த ஊர்க் குவார்ட்ஸ் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவை கூட இருந்த மண்ணும், ஒட்டியிருந்த பாறையும், எடுத்தவர் எழுதிய சீட்டும்தான். நீங்கள் மண்ணைக் கழுவிவிட்டீர்கள், பாறையைத் தட்டி எறிந்துவிட்டீர்கள், சீட்டு எழுதவே இல்லை.

உங்களைத் திட்டும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் ஐயா, அதாவது என் தகப்பனாரைப் பெற்றவர், 1930-களில் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். மாண்டலேயில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தார். ரத்தினக்கல் சுரங்கங்கள் உள்ள மோகோக்கிலிருந்து வந்துபோகும் ஆட்களிடம் கல் கேட்டு வாங்குவது அவருக்குப் பழக்கம். கெம்பும் நீலமும் வாங்கும் வசதி அவருக்கு இல்லை. வியாபாரிகள் ஒதுக்கிய கற்கள்தான் அவருக்கு வரும்: வெள்ளைச் சலவைக்கல்லில் பாதி புதைந்த கெம்பு மாதிரியே தெரியும் சிவப்பு ஸ்பைனல் கல், மங்கிய புஷ்பராகம், உடைந்த சந்திரகாந்தக் கல். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் பழைய கணக்கேட்டுக் காகிதத்தில் சுற்றி, யார் கொடுத்தது, எந்த மலை, என்ன தேதி என்று பேனாவால் எழுதித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

1966-இல் எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. ஐயா வெளியே போயிருந்த மத்தியானத்தில் பெட்டியைத் திறந்து, காகிதங்களைப் பிரித்துப்போட்டு, கற்களையெல்லாம் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஓர் அண்டாத் தண்ணீரில் கொட்டினேன். கல் சுத்தமாக இருந்தால் பரிசு கிடைக்கும் என்று நினைத்தேன். தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். தெறித்த தண்ணீர் காகிதங்களில் ஓடியது. மை கரைந்து தரையெல்லாம் நீலம்.

ஐயா வந்து பார்த்தார். வளவுப் படியில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் போட்டிருந்தது வல்லத்துக் கண்ணாடி. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே இருக்கும் அந்த ஊரில் அந்தக் காலத்தில் செம்புராங்கல் நிலத்தில் கிடைத்த படிகத்தைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்வார்கள். எத்தனை ஆண்டு துடைத்தாலும் கீறல் விழாது. காலையில் அதை எடுத்து என் கன்னத்தில் வைப்பார், சில்லென்று இருக்கும். கண்ணாடிச் சில்லு உடனே சூடேறிவிடும், படிகம் ஏறாது, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பார். அந்தக் கண்ணாடி வழியாக ஒவ்வொரு கல்லையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உதட்டில் வைத்துப் பார்த்தார், உள்ளங்கையில் உருட்டினார். சாயங்காலம் விளக்கேற்றும் வரை பார்த்தார். ஏழு கற்களுக்குத்தான் அவரால் ஊர் சொல்ல முடிந்தது. மற்றவற்றைத் திரும்பப் பெட்டியில் போட்டபோது, "இது எந்த ஊர்ப் பிள்ளையோ, ஆத்தா" என்றார். என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் திறந்து நான் பார்த்ததும் இல்லை.

வீட்டைப் பங்கு பிரித்தபோது பெட்டியும் கைமாறிப் போனது. ஊர் தெரிந்த அந்த ஏழு மட்டும் என்னிடம் இருக்கின்றன.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பர்மாத் தேக்கில் கடைந்த தூண், நிலைக்கதவு, சாமி படம், பீங்கான் ஜாடி எல்லாம் வாசல் வரை அடுக்கியிருக்கும். நிலையில் இருக்கும் கஜலட்சுமியைத் தொட்டுக்கொண்டு இது எந்த வீடு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. அந்த வாசலில் எத்தனை கல்யாணம் நுழைந்ததோ! இப்போது அது நல்ல மரம், அவ்வளவுதான். கதவுக்கு நேர்ந்ததைப் பார்த்து வயிறு எரியாத செட்டிநாட்டுக்காரர் யாரும் இல்லை. அதே ஊரில் பிறந்த நீங்கள் கல்லுக்கு அதைச் செய்யலாமா?

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் சிவகங்கை மாவட்டம்தான். 2023-இல் ஒன்பதாம் கட்ட அகழாய்வில் படிகத்தால் செய்த எடைக்கல் ஒன்று கிடைத்தது. எடை 8 கிராம், ஆழம் 175 சென்டிமீட்டர் என்று எழுதினார்கள். அதனால்தான் இந்த மண்ணில் யாரோ ஒருவர் தராசு பிடித்து நிறுத்தார் என்று நாம் இன்று பேசுகிறோம். அதே கல்லை ஒரு பையன் விளையாட்டாகத் தோண்டிச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

சரி, உங்கள் கேள்விகள். செட்டிநாட்டில் பெரிய படிகத்தை எதிர்பார்த்து மண்வெட்டி தூக்காதீர்கள். நம்முடையது செம்புராங்கல்லும் கிராவலும். அதில் வரும் வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்தான், ஆனால் தண்ணீரில் உருண்டு முனை மழுங்கியது. கண்மாய்க் கரையிலும் ஊருணிக் கரையிலும் கை வைக்கவே கூடாது. கட்டணம் கட்டித் தோண்டும் ஏற்பாடும் இங்கே கிடையாது. சிவகங்கைக்குப் பக்கத்தில் அரசு நிறுவனமான டாமின் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. அதுவும் படிகம்தான், கரியின் படிகம். ஆனால் தொட்டாலே விரலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மெது. பென்சிலுக்குள் இருப்பது அதுதான். கட்டாயம் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊருக்குப் போய் வாருங்கள். பழைய கடலடிக் களிமண்ணில் ஜிப்சம் மினுங்கும், நைக்காவில் இருக்கும் அதே ஜிப்சம். நகத்தால் கீறலாம். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் போடுகிறார்கள். அது விஷம். சமையல் பாத்திரத்தில் தொடவே கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். உங்கள் மாமியாரிடம் வாதாட வேண்டாம். வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள்.

நான்கு பெட்டிகளையும் இந்த வாரமே திறந்து உட்காருங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களில் தேதி இருக்கும், சுரங்கத்தில் கட்டிய கட்டணத்துக்கு ரசீது இருக்கும், கூட வந்த நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாவற்றையும் ஒத்துப் பாருங்கள். தெரிந்த கல்லின் அடியில், பார்வைக்குத் தெரியாத இடத்தில், மிளகளவு வெள்ளைப் பெயின்ட் வைத்து அதன்மேல் எண் எழுதுங்கள். ஒரு நோட்டில் அதே எண்ணுக்கு நேரே சுரங்கத்தின் பெயர், குழியின் ஆழம், தேதி, கூட என்ன கிடந்தது, யார் கூட இருந்தார்கள் என்பதை எழுதுங்கள். தெரியாத கல்லுக்குத் தெரியாது என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதினால் அது பொய்க்கணக்கு. இனிமேல் சிறியவற்றை வீசாதீர்கள். விரல்நுனி அளவில், இரு முனையும் கூராக முடிந்த படிகம் ஒன்றை நீங்கள் எத்தனை முறை காலால் தள்ளிவிட்டுப் போனீர்களோ என்று நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு ஒரு கல் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டுவாருங்கள் தம்பி, ஐயாவின் ஏழு கற்களுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பெரியது வேண்டாம். இடுக்கில் மண் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கூடவே ஒரு சீட்டு வேண்டும். அதைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

அன்புடன்,
ஆச்சி